பதினேழாம் சான்று

இங்கே மருந்துக் கடையில் என் பிறந்த தேதியைச் சொன்னால், கல்லாவில் இருக்கும் பெண் "பெர்ஃபெக்ட்!" என்கிறாள். பிறந்ததில் என்ன சாமர்த்தியம் என்று நியூஜெர்சிக்கு வந்த புதிதில் திருதிருவென்று விழித்திருக்கிறேன். என் அப்பா நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். வாரக்கணக்கில் உழைத்து முடித்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பரவால்ல" என்பார். எங்கள் வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அப்படி வளர்ந்த நான், நாற்பத்திரண்டு வயதில், அசாதாரணத் திறமை படைத்தவள் என்று ஓர் அரசாங்கத்துக்கு எழுத்தில் நிரூபிக்க வேண்டியதாயிற்று.

சென்னையில் ஒரு செய்தித் தொலைக்காட்சிக்கு ஆவணப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு நிறுவனத்தில் காணொளித் தயாரிப்பு வேலை. விசா முடிய ஒரு வருடம்கூட இல்லை. மகள் பத்தாம் வகுப்பில் இருந்தாள். அவரவர் துறையில் உச்சத்தில் இருப்பவர்களுக்கென்று ஒரு கிரீன் கார்டு வழி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டேன். வழக்கறிஞர் மார்த்தா என் விருதுகளையும் என்னைப் புகழ்ந்து வந்த கடிதங்களையும் தடித்த புத்தகமாகக் கட்டி அனுப்பினார். குடியேற்ற அலுவலகம் பதில் எழுதியது: உங்கள் படைப்பால் யாருக்கு என்ன மாற்றம் வந்தது என்பதற்குச் சான்று போதவில்லை.

"விருது வாங்கிய படத்தில் ஒரு பெண் அழுகிறாரே, அவர் ஒரு கடிதம் தருவாரா?" என்று கேட்டார் மார்த்தா.

அந்தப் பெண் வளர்மதி. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு சிற்றூர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் வேலைக்குப் போன அவர் கணவர், வடக்கே எங்கோ விபத்தில் செத்துப்போனார்; ரிக் முதலாளி நஷ்டஈடு தரவில்லை. முதலில் வளர்மதி கேமராவுக்கு முகம் காட்ட மறுத்தார். "மொகத்த மறைச்சா ஆரு நம்புவாங்க வளர்மதி? நாலு பேரு பாத்தாத்தான நாயம் கெடைக்கும்" என்று அவரை இணங்க வைத்தது நான்தான். பேசிக்கொண்டே வந்தவர் திடீரென்று உடைந்து, மாரில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்து அழுதார். ஒளிப்பதிவாளர் கேமராவை இறக்கப் போனார். நிறுத்தாதே என்று கை காட்டினேன். அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் விருது.

பல வருடங்களுக்குப் பிறகு அவரை அழைத்தேன்.

"டிவி அக்காங்களா! சொல்லுங்க, நல்லா இருக்கறீங்களா?"

அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"ஏதோ இருக்கறமுங்க. படம் வந்தப்பறம் ரிக் ஓனருங்க ஆரும் எங்கூட்டு ஆளுகள வேலைக்குச் சேத்துக்கறதில்ல. கொழுந்தனாரு பேச்சையே நிறுத்திப்போட்டாரு. நான் கோழிப்பண்ணையில முட்ட பொறுக்கறனுங்க."

படத்தால் நன்மை வந்தது என்று எழுதிக் கேட்கத்தான் அழைத்திருந்தேன். கேட்டுவிட்டேன்.

"அதுக்கென்னுங்க. நீங்களே எழுதி அனுப்புங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன். எனக்கும் ஒன்னு பண்ணோணுமுங்க அக்கா. அந்தப் படத்த நெட்டுல இருந்து எடுத்துப்போடச் சொல்லுங்க. புள்ளைக்கு மாப்ள பாக்கறம். வாரவங்க எல்லாரும் செல்லுல அதப் பாத்துப்போட்டு, 'ஊரு முன்னால மாரடிச்ச பொம்பள ஊடுதான இது'ங்கறாங்க."

"சொல்லி எடுத்தரலாம், வளர்மதி" என்றேன்.

ஒரு போன் போதும். அந்தத் தொலைக்காட்சியின் இன்றைய ஆசிரியர் என்னிடம் வேலை பழகியவர். ஆனால் நான் முதலில் அழைத்தது மார்த்தாவை. படம் இணையத்தில் இருந்தே ஆக வேண்டுமா என்று கேட்டேன்.

"படத்தின் பிரதியைக்கூடத் தாக்கல் செய்யலாம்" என்றார் அவர். "ஆனால் அதிகாரி இணைப்பைத் தட்டும்போது படம் ஓடினால் நல்லது. எத்தனை லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள் என்று அவரே பார்ப்பார். ஏன், யாராவது எடுக்கச் சொல்கிறார்களா?"

"யாருமில்லை" என்றேன்.

கடிதம் எழுதும்போது, வளர்மதி இப்போது எப்படி இருக்கிறார் என்று மார்த்தா கேட்டார். 'ஏதோ இருக்கறமுங்க' என்பதை எப்படிச் சொல்வது? "ஒரு கோழிப்பண்ணையில் இருக்கிறார், ஷி இஸ் மேனேஜிங்" என்றேன். "பண்ணைக்கு மேனேஜரா? அற்புதம்!" என்று அவர் முகம் மலர்ந்தது. இல்லை, அங்கே வேலை செய்கிறார் என்று திருத்தினேன். "பண்ணையில் வேலை செய்து சொந்தக் காலில் நிற்கிறேன், உலகம் என் குரலைக் கேட்டது" என்று எழுதினார். அதில் பொய் என்று ஒரு வார்த்தையும் இல்லை. தனக்குப் படிக்கத் தெரியாத அந்த ஆங்கிலத்தின் கீழே வளர்மதி தமிழில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அது பதினேழாம் சான்று ஆனது.

அதன்பின் அவர் இரண்டு முறை அழைத்தார். முதல் முறை, "சொல்லியிருக்கறன், கொஞ்சம் நாளாகும்" என்று பொய் சொன்னேன். இரண்டாம் முறை போனை எடுக்கவில்லை.

விண்ணப்பம் ஏற்கப்பட்டது. மகள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அன்றைக்கே ஆசிரியரை அழைத்துச் சொன்னேன். ஐந்தே நிமிடத்தில் படத்தை எடுத்துவிட்டார். உடனே வளர்மதியை அழைத்தேன்.

"இனி எடுத்து என்னுங்க பண்றது?" என்றார். குரலில் கோபம் இல்லை. "நல்ல எடம். தேதி வெக்கற மட்டும் வந்து தட்டிப்போச்சு. மாப்ளயோட சித்தப்பன் படத்தப் பாத்துட்டாராமா. புள்ள எங்கூடப் பேசறதில்லீங்க." பிறகு கேட்டார், "உங்களுக்குக் கெடைச்சிருச்சுங்களா?"

"கெடைச்சிருச்சு."

"நல்லதுங்க. நான் அழுதது ஒருத்தருக்காச்சும் ஒதவுச்சு."

அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவர் மனதாரத்தான் சொன்னார்.

கார்டு கைக்கு வந்ததும் ஊருக்குப் போனேன். வளர்மதியை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்பதாக எண்ணம். நாமக்கல் பேருந்து நிலையத்தில் அவர் ஊர் வழியாகப் போகும் வண்டி நின்றது. படியருகே போனவள் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். மன்னிப்பையும் அவர் "அதுக்கென்னுங்க" என்று தந்துவிடுவார். அதையும் வாங்கிக்கொண்டு நான் விமானம் ஏறிவிடுவேன்.

"ஏறுங்கக்கா, எந்த ஊருக்குங்க?" என்றார் கண்டக்டர்.

"நான் இந்த ஊரு இல்லீங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "பேச்சு நம்மூருப் பேச்சாட்டவே இருக்குது?"

விசில் ஊதினார். வண்டி நகர்ந்தது. பின் சன்னலில் இருந்த ஒரு பெண், ஏறாமல் நின்ற என்னை, யாரோ வெளியூர்க்காரியைப் பார்ப்பதுபோல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.