அக்கா உட்கார்ந்த நாற்காலி

அறுபதுகளின் நாற்காலிகளைத் தேடி வாங்குவது என் பைத்தியம். காரைக்குடிப் பழம்பொருள் கடைக்கு அக்காவும் கூட வந்திருந்தாள். அங்கே ஒரு நாற்காலி: மெலிந்து சரிந்த கால்கள், சூடேறிய ரெக்ஸின் வாசனை. அப்பா சிவகங்கையிலிருந்து பஸ் கூரையில் ஏற்றி வந்ததும் இதே போன்றதுதான். வருகிறவர்களை அதில்தான் உட்கார வைப்பார்.

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று காலை, நான் அந்த நாற்காலியில் ஏறி ஆடியதில் அதன் ஒரு கால் விரிசல் விட்டது. அடிக்குப் பயந்து கோந்து தடவி ஒட்டியதை அக்கா மட்டும் பார்த்தாள்.

மாப்பிள்ளையின் அப்பா கனத்த உடம்புக்காரர். "இங்குட்டு உக்காருங்க" என்று அப்பா அதையே காட்டினார். அவர் வேட்டியை ஒதுக்கிக் குனிந்தார். காப்பித் தட்டோடு வந்த அக்கா, அதை அம்மா கையில் கொடுத்துவிட்டுச் சட்டென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.



"பெரியவுக நிக்கையில பொண்ணு உக்காருதோ" என்றார் அவர். காப்பி குடிக்காமலே போய்விட்டார்கள். அப்பா எவ்வளவு அதட்டியும் அக்கா காரணம் சொல்லவில்லை.

"உக்காந்து பாருங்கம்மா, உறுதியா இருக்கு" என்றார் கடைக்காரர். நான் உட்காரப் போனேன்.

"இருடி" என்று என் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, எழுபத்தைந்து வயது அக்கா முதலில் உட்கார்ந்தாள்.