குடை பறந்த புத்தகம்

சீசன் காலத்தில் எங்கள் மாவட்டத்தின் முக்கியமான முடிவுகள் எல்லாம் குற்றாலத்தில்தான் எடுக்கப்பட்டன. அப்படி ஒரு விதி கிடையாது. கல்வி அலுவலகக் கோப்புகளோடு காலம் முழுக்கக் குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், தேடிப் பார்த்துவிட்டேன். ஆனால் ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கியதும் அதிகாரிகளுக்கு மேற்கே அவசர வேலை வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுப் புத்தகமும் படப் புத்தகமும் தேர்ந்தெடுக்கும் வேலைகூட, எனக்கு எட்டு வயதான வருஷம், ஒரு அருவிக் குளியலுக்கும் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில் நடந்து முடிந்தது.

ஐம்பதுகளின் கடைசி அது. எங்கள் வீட்டோடு இருந்த சித்தி, அம்மாவின் தங்கை, தென்காசியில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். நான் அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பு. மெட்ராஸிலிருந்து ஒரு தகரப்பெட்டி நிறைய மாதிரிப் பிரதிகள் வந்திருந்தன. பிடித்ததில் பத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும். தலைமையாசிரியை பெட்டியைச் சித்தி பக்கம் தள்ளிவிட்டார்.

புத்தகம் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு முறை உண்டு. எழுதியவர் பெயருக்குப் பின்னால் என்ன பட்டம் இருக்கிறது, எத்தனை பக்கம், அட்டை கெட்டியா என்று பார்க்க வேண்டும். உள்ளே பார்ப்பது கட்டாயமில்லை. சித்தி இந்த முறையை அறியாதவள். வகுப்பில் பாயை விரித்துப் புத்தகங்களைப் பரப்பினாள்.

"கைய அலம்பிட்டு வந்து எத வேணும்னாலும் எடுங்கட்டி. கிழிக்க மட்டும் கூடாது" என்று சொல்லிவிட்டு, ஒரு ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாட்டுக்கு அவள் வைத்த பரீட்சை வேறு. ஒரு தடவை வாசித்துக் காட்டுவாள், அவ்வளவுதான். மறுநாள் பிள்ளைகள் கயிறு தாண்டும்போது யாரும் சொல்லாமலே அந்தப் பாட்டு வந்தால் தேறிவிட்டது. ஒரு புத்தகத்தில் 'தவளையாரே' என்று கூப்பிடும் மழைப்பாட்டு இருந்தது. மூன்றாம் நாள் அது எங்கள் முற்றத்தில் 'தவளை அண்ணாச்சி' ஆகிவிட்டது. சித்திக்கு ஒரே சந்தோஷம். "மாத்திப் பாடுதாளுவோன்னா அது அவளுவோ பாட்டாயிட்டுன்னு அர்த்தம்" என்று அம்மாவிடம் சொன்னாள்.

பெட்டியின் அடியில் எழுத்தே இல்லாத ஒரு புத்தகம் கிடந்தது. காற்றில் ஒரு கறுப்புக் குடை பறந்துபோகும். கூரை கூரையாகத் தாவும். ஒரு கோபுரத்தின் உச்சியில் மாட்டிக்கொள்ளும். எங்கள் ஊர்க் கோயிலில் அப்போது உச்சி இடிந்த மொட்டைக் கோபுரம்தான், ஆகவே உச்சி என்பது படக்காரர் விட்ட கதை என்று பிள்ளைகள் தீர்மானித்தார்கள். அதற்கடுத்த பக்கத்தில் மொட்டை மாடியில் ஒரு பெண் குடையைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். முகம் சரியாகத் தெரியாது.

ஒன்றாம் வகுப்பில் சாயப்பட்டறைக்காரர் மகள் ஒருத்தி இருந்தாள். பள்ளியில் சேர்ந்து ஒரு வருஷமாகியும் வாயைத் திறந்ததில்லை, அதனால் அதே வகுப்பில் மறுபடியும் உட்கார்ந்திருந்தாள். சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் தாயார் இறந்திருந்தார். ஊமை இல்லை, வீட்டில் இரண்டொரு வார்த்தை பேசுகிறாள் என்று அவள் வாப்பா சொல்லியிருந்தார். அவள் அந்தக் குடைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனவள், தினமும் அதையே எடுத்தாள். ஒரு நாள் மொட்டை மாடிப் பெண்ணின் மேல் விரலை வைத்து, "உம்மா" என்றாள். பிறகு குடையைக் காட்டி, "உம்மா குடை. பறந்துட்டு" என்றாள்.

சித்தி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அந்தச் சின்னப் பெண் நாலு வார்த்தை சொன்னாள். அதற்கடுத்த நாள் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கதையே சொன்னாள். சித்தி வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் அதே பேச்சுத்தான். "அவளுக்காகவாவது அந்தப் புத்தகம் வேணும்க்கா. அது போயிட்டுன்னா மறுபடியும் வாயடைச்சிருவா" என்றாள்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. தவளைப் பாட்டைத் தப்பில்லாமல் முதலில் சொன்னவள் நான். என்னைப் பற்றி யாரும் சோறு ஆறிப்போகும்வரை பேசவில்லை.

கல்வி அதிகாரி ஒப்புதல் தரும் நாளன்று சித்தி பெட்டியோடு என்னையும் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். குளிக்கலாம் என்பது எனக்குச் சொல்லப்பட்ட காரணம். பிள்ளைகளுக்கு எது பிடிக்கிறது என்று அதிகாரி கேட்டால் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்பது அவள் கணக்கு.

தான் தங்கியிருந்த பங்களா வராந்தாவில் அதிகாரி பிரம்பு நாற்காலியில் இருந்தார். அருவியிலிருந்து வந்த ஈரம் காயவில்லை. காதோரம் எண்ணெய் மினுமினுத்தது. தோளில் துண்டு. நல்ல மனுஷர், சிரித்த முகம். தவளைப் புத்தகத்தைப் புரட்டி, "தவளைக்கு எதுக்கு டீச்சரம்மா இம்புட்டு மரியாத?" என்று கேட்டுத் தானே சிரித்து ஒப்புக்கொண்டார். குடைப் புத்தகம் வந்ததும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"எழுத்தே இல்லையே. எதை வச்சுப் பாடம் நடத்துவீய?"

"பிள்ளையளே பேசும் சார். அதான் பாடம்" என்றாள் சித்தி.

"ஏட்டி, இங்கன வா. இதுல உனக்கு எது பிடிச்சிருக்கு, சொல்லு பாப்போம்" என்று அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

நான் முன்னால் வந்தேன். சித்தி என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். நான் சித்தி ஒதுக்கிவிட்ட, கெட்டி அட்டை போட்ட நீதிப்பாட்டுப் புத்தகத்தைக் காட்டி, கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன்:

'நகத்தை வெட்டு நல்ல பிள்ளை
அகத்தைத் திருத்து அருமைப் பிள்ளை'

பன்னிரண்டு அடியும் மூச்சுவிடாமல் சொன்னேன். அதிகாரி துண்டை மடியில் போட்டுக்கொண்டு கை தட்டினார்.

"பலே! இந்தக் குடை எப்படிட்டி?"

"அது கைக்குழந்தைக்கு சார். வாசிக்க ஒண்ணுமே கெடையாது. சாயக்காரர் மகதான் அதையே வச்சிக்கிட்டு இருப்பா. எல்லாத்தையும் அழுக்காக்கிட்டா" என்றேன்.

கேட்காததையும் சேர்த்துச் சொல்வது கெட்டிக்காரப் பிள்ளைகளின் வழக்கம். அவர் மொட்டை மாடிப் பக்கத்தை எடுத்தார். அந்தப் பெண்ணைச் சுற்றிலும் சின்னச் சின்ன விரல் தடங்கள், நீல நீலமாக. எத்தனை தடவை கழுவினாலும் போகாத பட்டறைச் சாயம்.

"மாதிரிப் பிரதிய இப்படியா வைக்கிறது? உள்ளபடி திருப்பி அனுப்பணும்லா?" என்றார். கோபம்கூட இல்லை. சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் சித்தி எழுதிக் கொண்டுவந்த பட்டியலில் ஒரு கோடு கிழித்து அந்த இடத்தில் நீதிப்பாட்டை எழுதினார். எனக்கு ஒரு மங்குஸ்தான் பழம் கொடுத்தார்.

சித்தி என்னைக் குளிக்கவும் கூட்டிக்கொண்டு போனாள், சொன்ன சொல் தவறாமல். திரும்பும்போது பஸ்ஸில் நான் பழத்தை உடைத்தேன். "பாத்துத் தின்னு. அந்தச் சாறு பட்டா கற போவாது" என்று தன் முந்தானையை என் மடியில் விரித்தாள்.

பெட்டி மெட்ராஸுக்குப் போனது. சாயக்காரர் மகள் காலையில் வந்ததும் மூலைக்குப் போய், தலைக்கு மேல் விரல்களைக் குடைபோல விரித்துக் காட்டுவாளாம். சித்தி ஒரு தாளில் குடையும் மாடியும் வரைந்து கொடுத்தாள். அவள் மாடிப் பெண்ணை வெகுநேரம் பார்த்துவிட்டு, அது இல்லை என்று தலையாட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சித்தியும் ஆவணி வரைக்கும் அவளைப் பேசவைக்கப் பார்த்தாள். புரட்டாசியில் அவள் பள்ளிக்கு வரவில்லை. சித்தி இரண்டு தடவை பட்டறைக்குப் போய்க் கேட்டாள். "பேசாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு டீச்சரம்மா? இங்கன இருந்தா நூலாவது காயப்போடும்" என்றாராம் அவள் வாப்பா.

ஒரு நாள் கடைக்குப் போகும்போது அவளைப் பார்த்தேன். மூங்கில் கழியில் நீல நூலை உதறி விரித்துக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என்னைப் பார்த்தாள், பிறகு நூலைப் பார்த்தாள். அவளுக்குத் திமிர் என்று வீட்டில் வந்து சொன்னேன். சித்தி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிற்காலத்தில் புத்தகத் தேர்வுக் குழுக்களுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலையானது. 'கறை படிந்த மாதிரிப் பிரதிகள் ஏற்கப்படா' என்ற வரியை ஒவ்வொரு சுற்றறிக்கையிலும் நான்தான் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

அந்தச் சீசனுக்குப் பிறகும் சித்தி பள்ளிக்குப் புத்தகங்கள் தேர்ந்தெடுத்தாள். பாட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து தம்பிக்கு வாசித்துக் காட்டினாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாள். என்னிடம் மட்டும், எப்படிட்டி இருக்கு என்று அவள் கேட்கவே இல்லை. எனக்கு விவரம் வந்துவிட்டது, இனி இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு என்று விட்டுவிட்டாள் போலும் என நினைத்துக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.