அத்தான் பார்க்காத டிரெய்லர்

தீபாவளிக்கு வந்த அந்தப் பிரம்மாண்ட இரண்டாம் பாகத்தை நீங்களும் பார்த்தீர்களா, இல்லை டிரெய்லரோடு நிறுத்திக்கொண்டீர்களா? நிறுத்திக்கொண்டவர் என்றால் நீங்கள் பாக்கியசாலி.

நான் படமே பார்த்தேன். என் அக்காவின் கணவரோடு.

அத்தானுக்குப் பசுவந்தனைப் பக்கம் மானாவாரி விவசாயம். ஹீரோவின் அப்பாவைக் கொன்றது யார் என்ற கேள்வியோடு முதல் பாகம் முடிந்ததிலிருந்து, ஊர் டீக்கடையில் அவர் தனிக் கட்சி. "ஹீரோவோட சித்தப்பா நல்ல மனுசன். அவிய கொன்னிருக்க மாட்டாவ" என்று இரண்டு வருஷமாக வாதாடுகிறார். விடையைப் பெரிய திரையில்தான் தெரிந்துகொள்வது என்று சபதம் வேறு.

டிரெய்லர் வந்த நாளிலிருந்து அவர் பட்ட பாடு... டீக்கடையில் யாராவது போனை எடுத்தால் கிளாஸோடு வெளியே போய்விடுவார். ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து அந்த மியூசிக் கேட்டதும் பாதி வழியில் இறங்கிவிட்டாராம். மழை பெய்த கரிசல் மண் செருப்பை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்ள, வீடு வரைக்கும் நடை. என்னையும் எச்சரித்திருந்தார்.

"நீங்க பாத்திருந்தா எங்கிட்ட வாயத் தொறக்காதீங்க மாப்ள."

பார்த்திருந்தேன். திறக்கவில்லை.

கோவில்பட்டி தியேட்டரில் விளக்கு அணைந்தது. அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரையில் முதலில் என்ன வந்தது தெரியுமா? அதே படத்தின் டிரெய்லர் — ரசிகர்களை உற்சாகப்படுத்துவதற்காம். இலை போட்டு உட்கார்ந்தவனுக்குச் சாப்பாட்டின் போட்டோவைக் காட்டுவதில் என்ன உற்சாகமோ. கண்ணை மூடச் சொல்லி நான் கத்துவதற்குள், ரத்தம் சொட்டும் அரிவாளோடு சித்தப்பா திரும்பிச் சிரித்துவிட்டார்.

நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அத்தான் சீட்டில் சாய்ந்துவிட்டார். எனக்குப் பாவமாக இருந்தது.

பிறகு படம். டிரெய்லரில் சட்டென்று திரும்பிய சித்தப்பா, இங்கே திரும்ப இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அதுவரை ஹீரோ ஸ்லோமோஷனில் நடந்துகொண்டே இருந்தார். டிரெய்லரை வெட்டிய எடிட்டரிடமே படத்தையும் கொடுத்திருக்கலாம்.

எல்லோரும் எழுந்து போன பிறகும் அத்தான் எழவில்லை.

"காத்தாலை உச்சியில இருந்து ஹீரோ குதிச்சாம்லா, அது எப்ப வருது மாப்ள?"

"அது டிரெய்லர்ல மட்டுந்தான் அத்தான். படத்துல இல்ல."

தரை கூட்டுகிற அம்மா வந்து கிளப்பிய பிறகுதான் நம்பினார்.

பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது அந்த டிரெய்லரைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். அங்கேயே நின்று திரும்பத் திரும்பப் பார்த்தார். டீக்கடையில் தோற்ற கவலைகூட முகத்திலிருந்து போய்விட்டது. "நல்லா எடுத்திருக்காவ" என்றார்.

மூன்றாம் பாகமும் வரப்போகிறதாம். நேற்று அத்தானே போன் செய்தார்.

"டிரெய்லர் வந்தா ஒடனே சொல்லுங்க மாப்ள. படம் வந்தா சொல்ல வேண்டாம்."