தூதுவளைக்குப் போர்த்திய சேலை

போன ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டு கேட்டில் 'டு லெட்' போர்டு தொங்கியது. காபி டம்ளரோடு வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் எனக்கு உறவு என்று யாரும் இல்லை. ஆனால் திருவொற்றியூரில் தனியாக வாழும் என்னிடம் தினமும் "துன்ட்டியாக்கா?" என்று சாப்பாட்டை விசாரித்த ஒரே வீடு அதுதான்.

பர்வீனும் அவள் மகள் ஆயிஷாவும். பர்வீனின் கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வீட்டில் இருப்பதைவிட ரோட்டில் இருப்பதுதான் அதிகம். ஆயிஷா இரண்டாம் வகுப்பு. என்னைப் 'பெரிம்மா' என்பாள். வாய் ஓயாது. மாடிப்படி ஏறினால் மட்டும் பேச்சு நின்றுவிடும்... வீசிங்!

இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். கீரை, கம்பங்கூழ், செக்கு எண்ணெய் என்று வாரா வாரம் உங்கள் உயிரை வாங்குகிறவள். எதிர்வீட்டுப் பிள்ளைக்கு இளைப்பு என்றால் சும்மா இருப்பேனா? டாக்டர் கொடுத்த இன்ஹேலர் பம்ப்பை நிறுத்தச் சொல்லவில்லை — அந்த அளவுக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை. கூடவே மொட்டைமாடியில், பெயின்ட் பக்கெட்டில் தூதுவளை வைத்தேன். ரசம், துவையல், தோசை... ஆயிஷா முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிடுவாள்.

உண்மையைச் சொல்லட்டுமா? ஒற்றை ஆளுக்குச் சமைக்கும்போது சத்தான சாப்பாடு மாதிரி அலுப்பான விஷயம் உலகத்தில் இல்லை. எதிரில் இன்னொரு தட்டு இருந்தால்தான் பாகற்காய்க்கும் மரியாதை. டாக்டர் வேறு, "முடிஞ்சா ஏரியா மாறிடுங்க" என்று பர்வீனிடம் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து தூதுவளை எனக்கு வைத்தியம் இல்லை, வேண்டுதல். பிள்ளைக்கு இங்கேயே குணமாகிவிட்டால் அவர்கள் போக வேண்டியதில்லையே!

எங்கள் தெருவில் துணி காயப்போடும் முன் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. மாடிச் சுவரில் விரலால் ஒரு இழுப்பு. காற்றில் வந்து படிந்த கரித்தூசியில் விரல் கறுத்தால் அன்றைக்குக் கொடி வீட்டுக்குள்தான். வடாம் பிழிகிறவர்களும் அப்படியே. நானும் விரல் கறுத்த நாட்களில் செடியின் மேல் பழைய வாயில் சேலையைப் போர்த்திவிடுவேன். பிள்ளை சாப்பிடுகிற இலையாயிற்றே, சுத்தமாக இருக்க வேண்டாமா?

ஒரு நாள் சாயங்காலம் பர்வீனிடம் அதைப் பெருமையாகக் காட்டினேன். முந்தின ராத்திரி ஆயிஷா படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கியிருந்தாள். பர்வீன் சேலையை லேசாகத் தடவிப் பார்த்தாள். உள்ளங்கை கறுத்தது.

"செடிக்குப் போத்திகினு கீற, சரி... இவளுக்கு இன்னாத்த போத்தறதுக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் வலித்தது. எதைச் சாப்பிடலாம், எப்படி மெல்லலாம் என்று எவ்வளவு எழுதியிருக்கிறேன்! தட்டில் விழுவதை நாம் தேர்ந்தெடுக்கலாம். மூச்சுக்கு ஏது மெனு கார்டு? அதை நான் ஒருத்தி சுத்தம் பண்ண முடியாது. ஊரே கூடிக் கேட்டால் உண்டு. அதுவரைக்கும் அந்தப் பிள்ளை காத்திருக்குமா?

"உங்கம்மா வீட்டுக்குப் போயிடு பர்வீன்" என்றேன். வாய்தான் சொன்னது. மனசுக்கு இஷ்டமே இல்லை.

"நீ தனியா இன்னா பண்ணுவ?"

"கீரை நெறைய கீது. துன்னுகினு இருப்பேன்" என்று அவள் பாஷையிலேயே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

ஸ்கூல் லீவு விட்டதும் திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டு ஓனரும் போர்டு மாட்டிவிட்டார். அன்று மாலை ஆயிஷா போன் பண்ணினாள்.

"பெரிம்மா! இங்க ஏரிக்கரை கீது. அந்தக் கடைசி வரிக்கும் ஓடினேன், பம்ப்பே அடிக்கல! நம்பலியா? இப்பகூட ஓடிகினேதான் பேசறேன்... கேளு!"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன். செருப்புச் சத்தம். சிரிப்பு. நடுநடுவே மூச்சு — விசில் இல்லாத, சுத்தமான மூச்சு. இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? ஆமாம், இதற்குத்தான். "சமத்து" என்று சொல்லி போனை வைத்தேன்.

பிள்ளை நன்றாக மூச்சு விடுகிறது என்று உட்கார்ந்து அழுத ஆள், இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!