ஏழாவது பாரா

மகளின் வாசனை ரப்பரை முகர்ந்ததும் பள்ளிக்கூட ஞாபகம் வந்தது. பாகூர் ஏரிக்கரையில் இன்று இல்லாத எங்கள் ஓட்டு வகுப்பறையில், இங்கிலீஷ் பாடத்தை ஆளுக்கொரு பாராவாக எழுந்து வாசிக்க வேண்டும். முன்னாலிருக்கும் தலைகளை எண்ணி, அவரவருக்கு வரும் பாராவுக்கு மேல் மட்டும் உச்சரிப்பைத் தமிழில் பென்சிலால் எழுதிவைத்து, வாசித்ததும் இதே மாதிரி ரப்பரால் அழித்துவிடுவோம்.

ஒருநாள் ஏழாவதாக எழுந்த ஸ்டெல்லா, "வாந்தி வருது டீச்சர்" என்று வெளியே ஓடினாள். அடுத்தவள் நான். என் புத்தகத்தில் எட்டாவதற்கு மேல்தான் தமிழ்; ஏழாவது பாராவில் வெறும் இங்கிலீஷ். பிரம்பு மேசையைத் தட்டியது.

"உன்னுதையே படிடி, இல்லன்னா எங்க எல்லாருக்கும் மாறிப்பூடும்" என்று பின்னாலிருந்து கெஞ்சினாள் மீனா.

எட்டாவதை வாசித்தேன். பிரம்பு நின்றது. தன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்தது" என்றார் டீச்சர்.

ஏழாவது பாரா என்ன சொன்னதென்று எங்களில் யாருக்கும் தெரியாது, அதற்குத் தமிழில் எழுதிவைத்திருந்த ஸ்டெல்லாவுக்கும்.