கொலாஜன் டப்பா யாருக்கு?

காலி டப்பாவை கவுண்டரில் வைத்துவிட்டு, தங்கராஜ் சாரின் மனைவி செல்வி அம்மா, "இதே மாதிரி ஒண்ணு குடும்மா" என்றார். கொலாஜன் பெப்டைட் பவுடர். பெசன்ட் நகரில் எங்கள் மெடிக்கலில் அதை அவர் கணவரிடம் எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

சில மாதங்களுக்கு முன், மனைவிக்கு முட்டிவலி, மாத்திரை என்றாலே ஓடுவாள் என்று வந்திருந்தார் சார். முகம் பளபளக்கும் என்று மினுக்கிய டப்பாக்களை ஒதுக்கினேன். சர்க்கரையும் வாசனையும் சேர்க்காதது, எதிலிருந்து எடுத்தது, ஒரு ஸ்பூனில் எத்தனை கிராம் என்று ஒளிக்காமல் அச்சிட்டது, உணவு உரிம எண் உள்ளது என்று பார்த்துத் தேர்ந்தேன். மீன் தோலிலிருந்து எடுத்த பவுடர். அந்த வீட்டில் மீன் தினப்படி; அம்மாவுக்கு அலர்ஜியும் இல்லை. மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும், சிலருக்கு வலி குறையும், சிலருக்கு ஒரு மாற்றமும் தெரியாது, நடப்பதை விடக் கூடாது என்றேன். அம்மாவிடம் சொல்லிவிட்டே கொடுங்கள் என்றதற்குப் பலமாகத் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலின் லட்சணம் இப்போதுதான் தெரிந்தது; சார் அம்மாவிடம் சொல்லவே இல்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் டப்பாவைக் கண்ட அம்மா, கணவர்தான் முட்டிவலியை மறைத்து ரகசியமாகச் சாப்பிடுகிறார் என்று முடிவுகட்டிவிட்டார். இனி அவருக்குத் தெரியாமல் தானே மோரில் இரண்டு ஸ்பூன் கலந்து கொடுக்கப் போகிறாராம்.

சாருக்குக் கிட்னி கோளாறு. புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அது அம்மாவுக்கும் தெரியும். இந்தப் பவுடரே புரதம் என்பதுதான் தெரியாது. ரகசியத்தை உடைப்பதைத் தவிர வழியில்லை.

"அம்மா, இது சாருக்கு ஆகவே ஆகாது, கிட்னிக்குச் சுமை. அவர் வாங்கினது உங்களுக்கு."

அம்மா கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். முட்டி தேவலையானதற்கு இத்தனை நாளும் தங்கை கொடுத்த தைலத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தாராம். சாரும் ஆமாம் போட்டாராம். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

தெரிந்துவிட்டது என்று சாரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"சொல்றதா? கல்யாணமான நாள்லேர்ந்து அடுப்படிக்கே வராத மனுஷன், இதைக் கலக்கணும்னு தினம் காலையில எழுந்து எனக்குக் காபி போட்டுத் தர்றாரு. நீ வாயத் தொறக்காத."

காலி டப்பாவை இருந்த இடத்திலேயே வைக்க எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சார் வந்தார். "அதே டப்பா ஒண்ணும்மா. அவளுக்கு இன்னும் சந்தேகமே வரல" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை. எடுத்துக் கொடுத்தேன்.

கவுண்டரில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களே, என்ன வேண்டும் என்பதோடு யார் சாப்பிடப் போகிறார் என்றும் கேட்டுவிடுங்கள். மற்றபடி, ஒரு வீட்டில் காபி யார் போடுவது என்பதில் தலையிடாதீர்கள்.