செவ்வாய்க்கிழமைதான் பிடித்தார்கள் என்று சொன்ன அம்மாள்

என் வீட்டுக்காரரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன செவ்வாய்க்கிழமை காலையில் குற்றாலத்தில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அங்கே ஒரு பங்களாவில் சமையல் வேலை பார்த்தார். சீசனுக்கு மதுரையிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு அம்மாளின் தங்கச் சங்கிலியைக் காணோமாம். இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, அடுப்படியில் நின்றவரை அப்படியே நடத்திக்கொண்டு போய்விட்டார்கள். எட்டு வருஷம் ஆகிறது. 

தென்காசியில் வீட்டிலிருந்து பீடி சுற்றிக்கொண்டிருந்த எனக்கு மத்தியானம்தான் தகவல் வந்தது. பிள்ளைகள் இரண்டையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

"ஐயா, எங்க வீட்டுக்காரர எங்கன வச்சிருக்கிய?"

எழுதிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை. "அப்படி யாரும் இங்கன இல்ல. போ."

மறுநாளும் போனேன். அதே பதில். ஆனால் உள்ளேயிருந்து அவர் இருமுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பத்து வருஷம் கூட இருந்தவளுக்கு அந்த இருமல் தெரியாதா? வாசல் மரத்தடியில் உட்கார்ந்து, "ஆண்டவரே, நீர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்" என்றேன். வேறு ஜெபம் வரவில்லை. அழக்கூடத் தெம்பில்லை.

வியாழக்கிழமை, கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வக்கீலிடம் போனேன். வாரண்டு காட்டாமல் பிடித்தது செல்லாது, இன்றைக்கே விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் போனேன். வக்கீல் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"திருட்டுன்னு தக்க சந்தேகம் இருந்தா வாரண்டு இல்லாமலே பிடிக்கலாம்மா. சட்டம் அதுக்கு இடம் குடுக்கு. ஆனா பிடிச்ச இருபத்துநாலு மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னால கொண்டு நிறுத்தணும். அவிய தப்பு அதுலதான் இருக்கு."

"அப்ப அதச் சொல்லுங்கய்யா."

"இன்னைக்குத்தான் பிடிச்சோம்னு அவிய எழுதிருவாவ. செவ்வாய்க்கிழமை பிடிச்சாவன்னு யாரு வந்து சொல்லுவா?"

பங்களா காவல்காரரைக் கேட்டேன். "எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு தாயி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

அன்று சாயங்காலம் முழங்கால் போட்டேன். ஒரு சாட்சியைத் தாரும் என்று கேட்டேன். கூடவே, புகார் கொடுத்த அந்த மதுரை அம்மாளைத் தண்டியும் என்றும் கேட்டேன். மறைக்காமல் சொல்கிறேன், அதைத்தான் அதிகமாகக் கேட்டேன். கேட்கக் கேட்க, அவள் முகமே என் கண்முன் நின்றது. பிடித்துக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவள் அவளும்தானே என்று அப்போதுதான் உறைத்தது. அவளிடம் போ என்கிறாரா ஆண்டவர்? எனக்குக் கசந்தது. எழுந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போனேன். வேறு யாரும் இல்லையே.

அந்த அம்மாள் வராந்தாவில் தலை துவட்டிக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உன் புருஷன் எடுத்தாரா இல்லையான்னு எனக்குத் தெரியாதும்மா. அவர் பேரை நான் சொல்லவும் இல்ல. ஆனா செவ்வாய்க்கிழமை காலையில என் கண் முன்னாலதான் கூட்டிட்டுப் போனாங்க. மூணு நாளாவா வச்சிருக்காங்க? எங்க வந்து சொல்லணும், சொல்லு."

ஈரத் தலையை முடிந்துகொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

வக்கீல் மனு கொடுத்தார். மத்தியானத்துக்கு மேல் என் வீட்டுக்காரரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று காலையில்தான் பிடித்ததாக ஸ்டேஷன் ஏட்டில் எழுதியிருந்தது. மாஜிஸ்திரேட் அந்த அம்மாளைக் கேட்டார்.  அவர் நாளையும் நேரத்தையும் மாற்றாமல் சொன்னார். சந்தேகப்பட என்ன ஆதாரம், மூன்று நாள் இந்த ஆள் எங்கே இருந்தார் என்று மாஜிஸ்திரேட் கேட்டபோது போலீஸ்காரர்கள் அந்த ஏட்டையே திரும்ப நீட்டினார்கள். சொந்த ஜாமீனில் விட்டார்கள்.

அவர் கால்கள் வீங்கியிருந்தன.   அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை. சில மாதங்களில் ஆதாரமில்லை என்று கேஸை முடித்தார்கள். சங்கிலி கிடைக்கவே இல்லை. அதனால் இன்றும் எங்களை ஒரு மாதிரிப் பார்க்கிறவர்கள் உண்டு. பங்களா வேலையும் போயிற்று. இப்போது பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிறார்.

ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார். அதற்காக நான் தினமும் ஸ்தோத்திரம் செலுத்துகிறேன்.

எங்கள் பக்கத்தில் யாரையாவது பிடித்துக்கொண்டு போனால் அந்த வீட்டுப் பெண்கள் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். நாங்கள் முதலில் ஜெபிக்கிறோம். பிறகு எந்த நாள், எத்தனை மணி, யார் பார்த்தது என்று எழுதிக்கொண்டு புறப்படுகிறோம். சில சமயம் பிடித்துப்போன ஆள் எங்களோடு வீடு வருகிறார். சில சமயம் வெறுங்கையோடு திரும்புகிறோம். மறுநாளும் போகிறோம்.

சகோதர சகோதரிகளே, சோர்ந்துபோனாலும் கேளுங்கள், ஆண்டவர் ஆள் அனுப்புவார். அது நமக்குப் பிடித்த ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள்.